சவுரியைத் தொங்கவிடுங்கள்

மதுரையில் 15 வருடமாகக் கல்யாணப் பெண்களுக்கும் பரதநாட்டியக் குழந்தைகளுக்கும் சடை பின்னிவிடுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பெண்கள் முதலில் கேட்பது, எந்தச் சவுரி (சடையோடு சேர்த்துப் பின்னும் ஒட்டுமுடி) நல்லது, எங்கே வாங்கலாம் என்றுதான். பின்னும் நேரத்தில் அதை எங்கே வைப்பது என்று யாரும் கேட்பதில்லை. பாதி வேலை அதில்தான் இருக்கிறது.

காலை 6 மணி முகூர்த்தம் என்றால் 3 மணிக்கே மணமகள் அறைக்குள் போய்விடுவோம். ஒரு கட்டில், ஒரு கண்ணாடி, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி. கட்டில் முழுக்கப் புடவை, நகைப்பெட்டி, பூக்கூடை. ஆரம்பத்தில் நானும் சவுரியைக் கட்டில் ஓரத்தில் நீட்டிப் போட்டுத்தான் வைத்திருந்தேன். ஒரு கல்யாணத்தில் யாரோ அதன் மேல் ஈரப் பூக்கூடையை வைத்துவிட்டார்கள். சவுரியின் மூன்று கற்றையும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டன. சிக்கெடுக்கவே அரை மணி நேரம் ஆனது. வெளியே நாதஸ்வரம் தொடங்கிவிட, அந்தப் பெண்ணின் கண் கலங்கியது இன்னும் என் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து சவுரியை நான் கீழே கிடத்துவதே இல்லை.

பேன்ட் மாட்டுகிற கிளிப் ஹேங்கர் ஒன்றும், எஸ் வடிவக் கொக்கி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மண்டபத்திலும் ஜன்னல் கம்பி இருக்கும். கம்பியில் கொக்கி, கொக்கியில் ஹேங்கர், கிளிப்பில் சவுரியின் தலைக்கயிறு, அதாவது மூன்று கற்றையையும் மேலே சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு. முடியைக் கிளிப் கடிக்கக் கூடாது, கயிற்றை மட்டும் பிடிக்க வேண்டும். கிளிப்பின் உள்பக்கம் சிறிய துணித்துண்டு ஒட்டிவிட்டால் வழுக்காது. உயரமும் முக்கியம். 30 அங்குலச் சவுரி என்றால் தரையிலிருந்து நாலரை அடியில் மாட்டுங்கள், நுனி தரைக்கு 2 அடி மேலேயே நிற்கும். பெண்ணின் நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டு, சவுரி உங்கள் வலது கைப்பக்கம் வருகிற மாதிரி நில்லுங்கள். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

தொங்கவிடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தலைமுடியின் மேல்தோல் மீன் செதில் மாதிரி வேரிலிருந்து நுனிப் பக்கமாக அடுக்கியிருக்கும். ஒரு முடியை இரண்டு விரலால் பிடித்து நுனியை நோக்கி இழுத்தால் வழவழப்பாகப் போகும், வேரை நோக்கி இழுத்தால் சொரசொரக்கும். எல்லா முடியும் ஒரே திசையில் இருக்கும்வரை சிக்கு விழுவது குறைவு. திசை கலந்துவிட்டால் செதிலும் செதிலும் மாட்டிக்கொள்ளும். எங்கள் பாட்டி சீப்பில் வந்த முடியைச் சுருட்டிக் கூரை இடுக்கில் செருகி வைப்பார். தெருவில் சிக்குமுடி வாங்க வருபவரிடம் அதைக் கொடுத்துப் பாத்திரம் வாங்குவார். அப்படிச் சேர்ந்த முடியில் கட்டும் சவுரியில் திசை கலந்திருக்கும், அதனால் அது சீக்கிரம் சிக்காகும். வெட்டியெடுத்த நீள முடியில் கட்டியது அதைவிட வெகுநாள் உழைக்கும். எதுவானாலும் தலை மேலே, நுனி கீழே என்றே தொங்கட்டும்.

மூன்று கற்றையின் நுனியிலும் ஆளுக்கொரு சின்னக் கறுப்பு ரப்பர் போடுங்கள். பெண்ணின் சொந்த முடியை மூன்றாகப் பிரித்து இரண்டு முறை பின்னிய பிறகுதான் சவுரியைக் கிளிப்பிலிருந்து எடுக்க வேண்டும். தலைக்கயிற்றைப் பின்னலில் சுற்றி இறுக்கிக் கட்டி, பின் குத்தி, ஒவ்வொரு சொந்தக் கற்றையோடும் ஒரு சவுரிக் கற்றையைச் சேருங்கள். நுனி ரப்பரை அப்போது கழற்றாதீர்கள். சடை முக்கால்வாசி இறங்கிய பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினால் போதும்.

நாட்டியக் குழு என்றால் கதை வேறு. 12 குழந்தைகள், 12 சவுரி, ஆளுக்கொரு நீளம். இதற்கு நான் சாக்ஸ் காயப்போடுகிற வட்டக் கிளிப் ஹேங்கரைத்தான் பயன்படுத்துகிறேன். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாமான் இல்லை. ஒவ்வொரு கிளிப்பிலும் குழந்தையின் பெயர் எழுதிய அட்டை, அதே கிளிப்பில் அவளுடைய குஞ்சலம் ஒரு துணிப்பையில். குழந்தை வந்து உட்கார்ந்ததும் வட்டத்தைத் திருப்பினால் அவளுடையது கைக்கு வந்துவிடும். நைலான் சவுரியின் கயிற்றில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன், அவசரத்தில் யாரும் அதன் மேல் சூடான அயர்னிங் மெஷினை வைத்துவிடக் கூடாது என்று. எது நைலான் என்று சந்தேகம் வந்தால், இரண்டு இழையைத் தனியே எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். நைலான் உருகி உருண்டையாகும், முடி கருகிப் பொடியாகும்.

சின்னச் சின்னப் பின்னல்கள் நிறையப் போடும்போது, சேர்க்கும் ஒட்டுமுடியைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே அளவில் உருவ வேண்டியிருக்கும். விக் செய்பவர்கள் இதற்கு இரண்டு ஊசிப் பலகைகளை எதிரெதிரே அழுத்தி, நடுவில் முடியை வைத்து உருவுவார்கள். நான் நாய்க்குச் சீவும் கம்பி பிரஷ் இரண்டைப் புதிதாக வாங்கி, பல்லும் பல்லும் பொருந்துமாறு கவிழ்த்து, மேலே ஒரு கனமான புத்தகம் வைத்துவிடுகிறேன். வெளியே நீட்டியிருக்கும் முனையைப் பிடித்து இழுத்தால் வேண்டியது மட்டும் வரும், மீதி கலையாது.

பின்களுக்குத் தையல்காரர்கள் கட்டுகிற காந்தப் பட்டை ஒன்று மணிக்கட்டில் இருந்தால் சரி. சடை பில்லைகளைப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக ஒரு தெர்மாகோல் துண்டில் குத்திக் கொண்டுபோங்கள், மண்டபத்தில் உட்கார்ந்து அடுக்க நேரம் இருக்காது.

வேலை முடிந்ததும் நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்து, மறுபடி ரப்பர் போட்டு, தளர்வாக ஒரு பின்னல் போட்டுவிடுங்கள். பழைய வேட்டித் துணியில் நீளப் பை தைத்து அதில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் வியர்வை ஈரம் தங்கி வாடை வந்துவிடும். வீட்டுக்கு வந்து அலசினால் அதே ஹேங்கரில், நிழலில், மின்விசிறிக்குக் கீழே காயவிடுங்கள். தலைக்கயிற்று முடிச்சு கடைசியாகத்தான் காயும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள்.