கியர்பாக்ஸ் பேரிங் எத்தனை மணி நேரம் உழைக்கும்: கணக்கிடும் முறை

முதலில் ஷாஃப்டின் முறுக்குவிசை: 9550 × கிலோவாட் ÷ ஆர்பிஎம், விடை நியூட்டன் மீட்டரில் வரும். அதிலிருந்து பல்லில் விழும் விசைகளைப் பிரித்து, இரு பேரிங்குக்கும் பங்கிடுங்கள். ஹெலிக்கல் (பற்கள் சாய்ந்த) கியரென்றால், ஷாஃப்டின் நீளவாக்கில் தள்ளும் அச்சு விசையைக் கணக்கில் விடவே கூடாது. சுழலும் திசை மாறினால் அந்த விசையும் திசை மாறும். இரண்டு திசைக்கும் தனித்தனியே கணக்கிடுங்கள்.

ஒரு பேரிங்கில் விழும் விசைகளை ஒரே சுமையாகச் சேர்த்தால் கிடைப்பது சமான சுமை P. அந்தப் பேரிங்கின் சுமை தாங்கும் அளவாகக் கேட்டலாக்கில் உள்ள டைனமிக் திறன் C. C/P-ஐ பால் பேரிங்குக்கு 3, ரோலருக்கு 10/3 அடுக்குக்கு உயர்த்தினால் ஆயுள், மில்லியன் சுற்றுகளில்.

பால் பேரிங், C 62 கிலோநியூட்டன், P 6.2, வேகம் 1000 ஆர்பிஎம்: 1000 மில்லியன் சுற்று, சுமார் 16,667 மணி நேரம். சுமை 20 சதவீதம் கூடினால் சுமார் 9,645 தான். அதனால் அதிர்ச்சிச் சுமைக் காரணியை, அதாவது திடீர் அடிகளுக்காகச் சுமையைப் பெருக்கும் எண்ணை, குறைத்துப் போடாதீர்கள்.

இது எல்10 ஆயுள்: நூறில் பத்து பேரிங் அதற்குள் களைப்பால் பழுதாகலாம். இயங்கும் சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போனாலோ, கியர் தேய்ந்த இரும்புத்தூள் கலந்தாலோ ஆயுள் இதைவிடக் குறையும். பேரிங் ஆயுள் கணக்குக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 281-இல் உள்ள திருத்தக் காரணி இதற்குத்தான். பயந்து மிகப் பெரிய ரோலர் பேரிங்கும் போடாதீர்கள். சுமை C-யில் 2 சதவீதத்துக்குக் கீழே போனால் உருளைகள் உருளாமல் வழுக்கி, தடம் உரசிப்போகும்.