ஒருவருக்கு ஒரு நாவல்: அரசியல், அறிவியல் புனைகதை, சாகசம் மூன்றிலும் பரிந்துரைப்பது எப்படி

"நல்ல நாவலா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்பவருக்குப் பத்துப் பெயர் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தத் தாள் சட்டைப் பையோடு துவைக்கப் போய்விடும். ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள். முடிந்தால் புத்தகத்தையே கையில் கொடுங்கள். கதை எந்த இடத்தில் மெதுவாகும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பாதியில் மூடி வைப்பவர்களில் பலர், மெதுவான இடம் இவ்வளவுதான், இதைத் தாண்டினால் வேகம் பிடிக்கும் என்று தெரியாததால்தான் மூடுகிறார்கள்.

பெயர் சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். கடைசியாக முழுதாகப் படித்து முடித்தது எது? "பிடித்த புத்தகம் எது" என்று கேட்கக் கூடாது. கேட்டால் கௌரவத்துக்காக ஒரு பெரிய பெயர்தான் வரும். எங்கே, எப்போது படிப்பார்? எதைக் கண்டால் மூடி வைப்பார், கொடுமைக் காட்சியா, வட்டார வழக்கா, நீண்ட வருணனையா?

இரண்டாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மணிக்கு 30 பக்கம் படிப்பவர்கூட நெரிசல், தூக்கம், டீ எல்லாம் போக ஒரு வழிக்கு 40 பக்கம்தான் தாண்டுவார். 200 பக்க நாவல் ஐந்து பயணத்தில் முடியும், 700 பக்கம் என்றால் பதினெட்டுப் பயணம் ஆகும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக உட்கார்ந்திருப்பவரின் நிலைமை வேறு. எந்த நேரமும் பெயர் கூப்பிடுவார்கள். அவருக்கு அத்தியாயம் சிறியதாகவும், புத்தகம் ஒரு கையில் பிடிக்கிற எடையிலும் இருக்க வேண்டும். சாவு நிறைந்த கதை வேண்டவே வேண்டாம்.

வகை மாற்றும்போது ஒரே அடியாக மாற்றினால் தோற்கும். சாகசக் கதை மட்டுமே படித்தவரிடம் நேராகக் கனமான அரசியல் நாவலை நீட்டினால் 30 பக்கத்தில் திரும்பி வரும். இரண்டு வகையிலும் கால் வைத்திருக்கும் நாவலைப் பாலமாகக் கொடுங்கள். தமிழில் அப்படிப்பட்டவை நன்றாகவே இருக்கின்றன.

சாகசத்திலிருந்து அரசியலுக்குப் போக சுஜாதாவின் 'ரத்தம் ஒரே நிறம்' நல்ல பாலம். 1857 எழுச்சியின் பின்னணியில், ஒரு வெள்ளைக்காரனைப் பழிவாங்கத் துரத்திப் போகும் முத்துக்குமரனின் கதை. முதல் பக்கங்களிலேயே துரத்தல் தொடங்கிவிடும், அரசியல் பின்னாலேயே வந்து சேரும். வேலூர்க்காரருக்கு இதைக் கொடுக்கும்போது ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லலாம்: இதற்கு 51 வருடம் முன்பே, 1806 ஜூலை 10 விடியற்காலையில், நம் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றிக்குறிக்குத் தடையும் தோல் பட்டை வைத்த தலைப்பாகையும்தான் அங்கே தீ மூட்டியவை. வேலூர் மக்கான் பகுதியில் அந்த எழுச்சிக்கான நினைவுத்தூணைத் தினமும் கடந்து போகிறவருக்கு நாவலின் சிப்பாய்கள் உடனே பிடிபடுவார்கள்.

அடுத்த படி ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மேடான், பினாங்கு, இந்திய தேசிய ராணுவம், நடுக்கடலில் புயலில் சிக்கும் தொங்கான் என்ற பாய்மரக் கப்பல் என்று தமிழில் இதற்கு இணையான சாகசம் அரிது. ஆனால் இங்கேதான் அதிகம் பேர் நிற்கிறார்கள். தொடக்கத்திலேயே மலாய்ச் சொற்களும் கடைத்தெருப் பேச்சும் ஊர்ப்பெயர்களும் குவிந்து வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தேடினால் பத்துப் பக்கத்தில் அலுத்துவிடும். "தெரியாத சொல்லை விட்டுவிட்டுப் போங்கள், 40 பக்கம் வரை பொறுங்கள்" என்று சொல்லிக் கொடுங்கள். முதல் அத்தியாயத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் இன்னும் நல்லது, அந்த நடை காதில் விழுந்தால்தான் கூட வரும். சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' இதைவிடச் சிறியது, முன்பே வெளிவந்தது. தயங்குகிறவருக்கு அதை முதலில் கொடுக்கலாம். இரண்டும் ஒரே தொகுப்பாகவும் கிடைக்கிறது.

அரசியலிலிருந்து அறிவியல் புனைகதைக்குப் பாலம் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஜீவா என்ற சர்வாதிகாரி, பிள்ளை பெறவும் அரசு அனுமதி தேவைப்படும் நாடு, ஜீனோ என்ற இயந்திர நாய். எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பது நாம் இப்போது வாழ்கிற 2020களில். அதனால் ஆங்கிலத்தில் இவ்வகைக் கதைகள் படித்த இளைஞர்கள் "டெக்னாலஜி பழசா இருக்கே" என்பார்கள். கருவிகளை விட்டுவிட்டு, கூட்டம் ஒரு முகத்தை எப்படி நம்புகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 'மீண்டும் ஜீனோ' இதன் தொடர்ச்சி. வரிசை மாற்றிக் கொடுத்துவிட்டால் முதல் நாவலின் முடிச்சு முழுக்க வீண்.

அங்கிருந்து சுஜாதாவின் 'சொர்க்கத் தீவு', பிறகு ரே பிராட்பரி எழுதி வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த 'ஃபாரன்ஹீட் 451', வேற்றுக் கோள் கதை வேண்டுமென்றால் தமிழ்மகனின் 'ஆபரேஷன் நோவா'. வாலாஜாப்பேட்டையை அடுத்த வேலத்துக்காரரான மு. வரதராசன் (மு.வ.) 'கி.பி. 2000' என்று ஒரு சிந்தனைக் கதை எழுதியிருக்கிறார். வேகத்துக்காக அதைத் தரக் கூடாது, நம் மண்ணிலிருந்து ஒருவர் வருங்காலத்தை எப்படி யோசித்தார் என்று பார்க்க விரும்புகிறவருக்குத் தரலாம். பள்ளிக்குப் பிறகு எதையுமே படிக்காதவர் வந்தால் மூன்று வகையையும் ஒதுக்கிவிட்டு மு.வ.வின் 'அகல் விளக்கு' கொடுங்கள். வாலாஜாவில் தொடங்கும் கதை, தெளிவான தமிழ்.

அரசியல் நாவல் பரிந்துரைக்கும்போது கைக்கு வரும் முதல் தவறு, எதிராளியின் கட்சியை மாற்றப் புத்தகம் கொடுப்பது. வாங்கியவர் முதல் பக்கத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார். அவர் வாழ்க்கை எதைத் தொடுகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்க்கும் குடும்பத்தவர் என்றால் டி. செல்வராஜின் 'தோல்'. களம் திண்டுக்கல்தான், ஆனால் சுண்ணாம்புக் குழியில் இறங்கி நிற்கும் கால்கள் இங்கேயும் அவைதான். 2012இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. தடித்த நாவல் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி', 'வல்லிசை' இரண்டும் இந்த வட்டாரத்து நிலமும் சாதியும் பேசுகிற நாவல்கள். இவற்றில் வட ஆற்காட்டுப் பேச்சு இருப்பதால் நம் ஆட்களுக்கு வழக்கு இடிக்காது. வெளியூர் நண்பருக்குத் தருவதானால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

நேரமே இல்லை என்பவருக்கு இமையத்தின் 'வாழ்க வாழ்க': தலைவர் வரும் கூட்டத்துக்கு அழைத்துப் போகப்பட்டு வெயிலில் காத்திருக்கும் பெண்களைப் பற்றிய குறுநாவல். ஓரிரு உட்காரலில் முடியும். திராவிட இயக்கத்தின் கதை வேண்டுமென்றால் தீப்பெட்டிப் படத்திலிருந்து கிளம்பித் தலைமுறைகளைத் தாண்டும், தமிழ்மகனின் 'வெட்டுப்புலி'. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்', 1968 டிசம்பர் 25இல் 44 பேர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியை அடித்தளமாகக் கொண்டது. பண்ணையாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாக்கியதை இடதுசாரி விமர்சகர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அந்த விவாதத்தையும் சொல்லிக் கொடுத்தால், படித்து முடித்தவர் பேசுவதற்கு உங்களிடம் திரும்பி வருவார். ஜெயமோகனின் 'பின் தொடரும் நிழலின் குரல்' மிக முக்கியமான நாவல், ஆனால் முதல் அரசியல் நாவலாக யாருக்கும் வேண்டாம்.

சாகசத்தில் 'பொன்னியின் செல்வ'னைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். ஐந்து பாகத்தையும் கட்டாகக் கொடுப்பதுதான் பிழை. முதல் பாகம் மட்டும் கொடுங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன. சில பதிப்புகள் சுருக்கமானவை, சிலவற்றில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். வாங்கும் முன் உள்ளடக்கத்தைத் திறந்து அத்தியாயங்களை எண்ணுங்கள்: 57, 53, 46, 46, 91, மொத்தம் 293. குறைந்தால் அது சுருக்கப் பதிப்பு. கடைசிப் பாகம் முதல் பாகத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நீளம் என்பதையும் சொல்லி வையுங்கள். நாலு பாகம் ஓடி வந்தவர்கள் அங்கே மூச்சு வாங்குவது இதனால்தான்.

முதல் பாகம் முடித்தவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னையாற்றங்கரைக்கு அழைத்துப் போகலாம். வந்தியத்தேவனின் வாணர் குலம் ஆண்ட வட்டாரம் இதுதான், திருவல்லம் அவர்களுடைய ஊர். அதே ஆற்றங்கரையில் மேல்பாடியில் சுந்தர சோழரின் தந்தை அரிஞ்சயனுக்கு, பேரன் ராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில், அதாவது மறைந்த அரசரின் நினைவுக் கோயில், நிற்கிறது. எதிரே சோமநாதீசுவரர் கோயில். இரண்டாம் பாகத்தைப் பையில் எடுத்துப் போய் அங்கேயே கையில் கொடுங்கள்.