வைத்தியசாலை வாட்டில் விளையாட்டு வேலைக்கு வர விரும்புகிறவர்களுக்கு

கொழும்பு பொரளை சிறுவர் வைத்தியசாலை போன்ற இடத்தில் பிள்ளைகளோடு விளையாடுவதையே வேலையாகச் செய்ய ஆசையா? முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா அல்லது உளவியலில் தொடங்குங்கள். சிங்களமும் பேசப் பழகுங்கள். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கும் நீங்கள் வேண்டும். வெளிநாட்டுத் தகுதி வேண்டுமென்றால், இந்த வேலைக்கான அமெரிக்கச் சான்றிதழுக்கு (Certified Child Life Specialist) குறைந்தது 600 மணிநேரப் பயிற்சி கேட்கிறார்கள்.

அப்புறம் வாட்டில் செய்யும் வேலை. ஊசி கழற்றிய சிரிஞ்சைக் கொடுத்து, பொம்மைக்கு மருந்து ஏற்றப் பிள்ளையையே விடுங்கள். "நோகாது" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். "கொஞ்சம் நோகும், கெதியாய் முடிந்துவிடும்" என்றால் நாளைக்கும் உங்களை நம்பும். ஊசி போடும் நேரம் சவர்க்காரக் குமிழி ஊதச் சொல்லுங்கள். மூச்சு நீளும், உடம்பு தளரும். சின்னவர்களைக் கட்டிலில் அமுக்கிப் பிடிப்பதற்குப் பதில் அம்மாவின் மடியில் இருத்தலாமா என்று தாதியிடம் கேளுங்கள். இதை மட்டும் நான் கேட்காமல் விடுவதில்லை.

விளையாட மறுக்கும் பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். அந்த வாட்டில் அது "வேண்டாம்" என்று சொல்லக்கூடியது உங்கள் ஒருவரிடம்தான்.

பஞ்சுப் பொம்மைகளைப் பொதுவில் வைக்காதீர்கள், கிருமி தங்கும். கழுவித் துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் சாமான்களே சரி.