கழுத்து வலிக்குப் பயிற்சி: முதலில் சுழற்றுவதை நிறுத்துங்கள்

தோவாளையில் மாணிக்கமாலை என்னும் பூமாலை கட்டும் அம்மா ஒருவர், இரண்டு வருஷக் கழுத்து வலியோடு என்னிடம் வந்தார். "பயிற்சி எல்லாம் செய்தாச்சு மக்களே, ஒண்ணும் கேக்கல்ல" என்றார். எப்படிச் செய்தீர்கள், காட்டுங்கள் என்றேன். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோலத் தலையை வட்டமாகச் சுற்றினார், இருபது தடவை. முடிக்கும்போது கண்ணை மூடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று மாதத்தைத் தாண்டிய கழுத்து வலியோடு வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்துகாட்டுகிறார்கள். சுற்றினால் கொஞ்ச நேரம் இளகின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வலு கூடாது. சிலருக்குத் தலைசுற்றல்தான் மிச்சம்.

வேலை இருப்பது கழுத்தின் முன்பக்கம், முள்ளெலும்புகளை ஒட்டி உள்ளே ஓடும் சின்னத் தசைகளில். நாள்பட்ட வலியில் இவை சோம்பிப்போகும். இவற்றின் பாரத்தையும் மேலே உள்ள பெரிய தசைகள் சுமக்கும். உள்தசையை எழுப்ப மல்லாந்து படுங்கள். தலைக்குக் கீழே ஒரு துவர்த்தை (துண்டை) மடித்து வையுங்கள். தலையைத் தூக்காமல், "ஆமா" என்று லேசாகச் சொல்வதுபோலத் தாடையை உள்ளே இறக்கி, ஐந்து முதல் பத்து விநாடி நிறுத்துங்கள். பத்து தடவை போதும். காதுக்குக் கீழிருந்து நெஞ்செலும்பு வரை கயிறுபோல ஒரு தசை இறங்கும், அதில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். அது விறைத்தால் அதிகமாக அமுக்குகிறீர்கள் என்று அர்த்தம். மூச்சையும் அடக்கக் கூடாது. பலர் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறார்கள்!

அடுத்த தவறு, கழுத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தோள்பட்டையை விட்டுவிடுவது. 2003இல் வெளிவந்த ஒரு பின்லாந்து ஆய்வு, நாள்பட்ட கழுத்து வலி இருந்த, அலுவலக வேலை செய்யும் 180 பெண்களை ஒரு வருஷம் கவனித்தது. கழுத்துக்கும் தோளுக்கும் வலுவூட்டிய குழுக்களில் வலி நன்றாகக் குறைந்தது. வெறும் நீட்டல் பயிற்சியும் ஏரோபிக்கும் செய்தவர்கள் பின்தங்கினார்கள். அதனால் ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையைப் பின்னால் இழுத்து, இரண்டு தோள்பட்டை எலும்பையும் நெருக்குங்கள். வாரத்துக்கு மூன்று நாள் செய்தால் போதும்.

வலி தொட்டால் உடனே நிறுத்துவதும் தவறு, பல்லைக் கடித்துத் தொடர்வதும் தவறு. லேசான வலி மறுநாள் காலைக்குள் அடங்கினால் சரி. அடங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். இரண்டு வாரத்தில் பலன் இல்லையென்று விடுகிறவர்கள்தான் அதிகம். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்.

கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் போட்டுத் திரிந்தால் தசை இன்னும் தளரும். எக்ஸ்-ரேயில் "தேய்மானம்" என்று எழுதியிருந்தால் பயந்து படுத்துவிடாதீர்கள், வயதானால் வலி இல்லாதவர்களுக்கும் அது தெரியும். வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் எண்ணெய் தடவுவதில் எனக்குச் சண்டையில்லை, சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அது பயிற்சிக்குப் பதிலாகாது. சலூனில் கழுத்தைச் சடாரென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அங்கேதான் ஓடுகிறது. அரிதாக அது கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.

கை மரத்துப் பலம் குறைவது, நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுக்குள் இல்லாமல் போவது, காய்ச்சலோ எடை இழப்போ சேர்ந்த வலி, விழுந்த பிறகு வந்த வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள்.

அந்த அம்மாவுக்குப் பத்து வாரத்தில் ராத்திரி தூக்கம் திரும்பியது. பூத்தட்டை முக்காலிமேல் ஏற்றி வைத்து, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கவும் பழகினார். ஓணத்துக்கு முந்தின வாரம் போன் செய்து, "மூணு நாளா ஒரே கட்டு மக்களே, திரும்ப வலிக்குது, விட்டுரவா?" என்று கேட்டார். ஐந்து தடவையாகக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள் என்றேன்.