லைனை நம்பிக்கையோடு நடத்த நினைக்கும் சூப்பர்வைசர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் தையல் லைனை எடுத்துக்கொள்வோம். முப்பது பேர். தோள் ஜாயின்ட், கழுத்து ரிப், கை, சைடு, பாட்டம் மடிப்பு என்று பீஸ் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும். காலையில் கட்டிங்கிலிருந்து துணி வராது. பத்து மணிக்கு, துணி ஓரத்தைத் தைக்கும் ஓவர்லாக் மெஷின் மக்கர் பண்ணும். மதியத்துக்கு மேல் இரண்டு பேர் லீவு கேட்பார்கள். சாயங்காலம், ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வந்து ஷிப்மெண்ட் தேதியை ஞாபகப்படுத்திவிட்டுப் போவார். இத்தனைக்கும் நடுவில்தான் சூப்பர்வைசர் மனம் தளராமல் ஆட்களையும் தளரவிடாமல் கொண்டுபோக வேண்டும். நம்பிக்கையாகப் பேசும் சூப்பர்வைசர் கிடைத்தால் அந்த லைனுக்கு யோகம்தான். ஆனால் நம்பிக்கை என்ற பெயரில் செய்யும் சில காரியங்கள் லைனையே கவிழ்த்துவிடுகின்றன.

அதில் முதலாவதும் மோசமானதும், கெட்ட செய்தியைக் காதில் வாங்காமல் இருப்பது. ஓவர்லாக் ஊசியின் முனை மழுங்கிவிட்டால் அது பனியன் துணியின் நூலை விலக்கிக்கொண்டு இறங்காது, அறுத்துக்கொண்டு இறங்கும். விழுகிற ஓட்டை தைக்கும்போது ஊசி முனை அளவுதான் இருக்கும். துணியை இழுத்தாலோ துவைத்தாலோ பெரிதாகிவிடும். இதை முதலில் பார்ப்பது டெய்லர்தான். “அண்ணா, ஊசி வெட்டுற மாதிரி இருக்குதுங்க, கொஞ்சம் வந்து பாருங்க” என்கிறார். மணிக்கணக்கு போர்டில் டார்கெட் ஏறாத கவலையில் இருக்கும் சூப்பர்வைசர், “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா, நல்லதையே நெனைங்க, ஓட்டுங்க” என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு நகர்கிறார். திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆனாலும் அந்த அக்கா அடுத்த முறை கூப்பிட மாட்டார்.

பத்து மணிக்கே ஊசியை மாற்றியிருந்தால் ஒரு கட்டு பீஸைப் பிரித்துப் பார்த்ததோடு முடிந்திருக்கும். சாயங்காலம் செக்கிங்கில் தெரிந்தால் முழு நாள் வேலையும் ஆல்ட்ரேஷனுக்கு, அதாவது பிரித்துச் சரிசெய்யத் திரும்பும். அங்கேயும் தப்பிப் பெட்டிக்குள் போய்விட்டால், பையர் தரப்பு இன்ஸ்பெக்ஷன் காத்திருக்கிறது. ஒரு லாட்டில் எவ்வளவு குறையைப் பொறுக்கலாம் என்பதற்கான வழக்கமான ஏ.க்யூ.எல். 2.5 கணக்கில் 3,000 பீஸ் லாட்டிலிருந்து 125 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். 7 பீஸ் வரை குறை இருந்தால் பாஸ். குறையுள்ள பீஸ் எட்டு ஆகிவிட்டால் மொத்த லாட்டும் ஃபெயில்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். ஆலன் முலாலி 2006இல் போயிங்கை விட்டு ஃபோர்டு கார் கம்பெனிக்குத் தலைவராக வந்தார். அந்த ஒரே வருடத்தில் ஃபோர்டின் நஷ்டம் 1,200 கோடி டாலருக்கு மேல். வாராவாரம் நடந்த கூட்டத்தில், அவரவர் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறித்துக் காட்டச் சொன்னார். ஆரம்பத்தில் எல்லாத் தாளும் பச்சை. இவ்வளவு நஷ்டத்தில் ஓடும் கம்பெனியில் சரியில்லாத விஷயம் ஒன்றுகூடவா இல்லை என்று அவர் கேட்டார். அதன் பிறகு ஒரு கூட்டத்தில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி, புதிய எட்ஜ் காரில் கோளாறு இருப்பதால் அதன் வெளியீட்டை நிறுத்தி வைத்திருப்பதாகச் சிவப்பைக் காட்டினார். இவருக்கு வேலை போச்சு என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருக்க, முலாலி கைதட்டினார். இதில் யாரால் உதவ முடியும் என்று கேட்டார். அடுத்தடுத்த வாரங்களில் மற்றவர்களின் தாள்களிலும் மஞ்சளும் சிவப்பும் வர ஆரம்பித்தன. கோளாறு இருக்கிறது என்று கேட்டபோதும், இதைச் சரி செய்துவிடலாம் என்று அவர் நின்றார் பாருங்கள், நம்பிக்கை என்று நான் சொல்வது அதைத்தான்.

“பிரச்சனையோட வராதீங்க, தீர்வோட வாங்க” என்பதையும் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு இது சுத்தமாக உடன்பாடில்லை. தீர்வு தெரிந்திருந்தால் டெய்லர் ஏன் கூப்பிடப் போகிறார்? டொயோட்டா ஆலைகளில் தொழிலாளி கோளாறைப் பார்த்ததும் கயிறை இழுப்பார் அல்லது பட்டனை அழுத்துவார், டீம் லீடர் அவர் இருக்கும் இடத்துக்கே வந்துவிடுவார், சரியாகாவிட்டால் லைனே நிற்கும். அந்த நேரத்தில் கூப்பிடுவதுதான் தொழிலாளியின் கடமை.

அடுத்தது, கையில் இல்லாததற்கு வாக்குக் கொடுப்பது. “இந்த வாரம் மட்டும் ஒன்றரை ஷிப்ட் பாருங்க, அடுத்த வாரம் எல்லாம் சரியாயிடும்” என்று மூன்று வாரம் தொடர்ந்து சொன்னால், நாலாவது வாரம் உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். “துணி நாளைக்கு வரணும், டையிங்ல இருந்து இன்னும் பதில் வரலை, மூணு மணிக்குக் கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்பது போதும். அப்புறம் மூணு மணிக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும், பதில் வரவில்லை என்றாலும்.

பாராட்டிலும் தப்பு நடக்கிறது. தினமும் “எல்லாரும் சூப்பர்” என்றால் அது குட் மார்னிங் மாதிரி ஆகிவிடும். “கழுத்து ரிப் இன்னைக்கு ஒரு பீஸ்கூடச் சுருங்கலை, எப்படிப் புடிச்சீங்க?” என்று அந்த மெஷின் பக்கத்தில் நின்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் பக்கத்து டெய்லருக்கும் பாடம். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நன்றாகத் தைப்பவரைப் பாராட்டிவிட்டு, தேங்கிய வேலையை எல்லாம் அவர் தலையிலேயே கட்டுவது. அவர்தான் முதலில் கணக்கு முடித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போவார். அப்போது சூப்பர்வைசர்தான் ஆச்சரியப்படுவார்.

எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் துக்கம் நடந்து வந்தவரிடம் போய் உற்சாகப் பேச்சு பேசினால் அவர் மனசு இன்னும் விட்டுப்போகும். ஒரு நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னைக்கு செக்கிங் பக்கம் உட்கார்ந்துக்கறீங்களா?” என்று கேட்டாலே பெரிய உதவி.

பேச்சு யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதையும் பாருங்கள். இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் இல்லாத லைன் குறைவு. காலைக் கூட்டத்தில் தமிழில் மட்டும் பேசினால் அவர்களுக்கு அது வெறும் சத்தம். அவர்களில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்ல வைக்கலாம். முக்கியமாக, கோளாறு என்றால் கையைத் தூக்கினால் போதும், நான் வந்துவிடுவேன் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

தீபாவளி, பொங்கல், பீகார் பக்கத்து ஆட்களின் சாத் பூஜை சமயங்களில் “எல்லாரும் கரெக்டா திரும்பி வந்துடுவாங்க” என்று இருந்துவிடாதீர்கள். ஒரு மாதம் முன்பே யார் எப்போது ஊருக்குப் போகிறார்கள், திரும்பி வர எந்தத் தேதிக்கு டிக்கெட் கிடைத்திருக்கிறது என்று கேட்டு எழுதிவிடுங்கள். உண்மையான தேதியைச் சொன்னவரிடம் முகம் சுளிக்காதீர்கள். அந்தத் தேதியை வைத்துத்தான் எந்த மெஷினுக்கு யாரைப் பழக்குவது, ஷிப்மெண்டில் எவ்வளவு முடியும் என்பதை மெர்ச்சண்டைசரிடம் முன்கூட்டியே பேச முடியும்.