சாய்தளம் போட்டாச்சு, அப்புறம்?

வாசலில் ஒரு சாய்தளம் போட்டதும் மாற்றுத்திறனாளிகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டதாக நினைப்பதுதான் நிறுவனங்கள் செய்யும் முதல் தவறு. அந்தச் சாய்தளமே பல இடங்களில் ஏற முடியாத அளவுக்குச் செங்குத்தாக இருக்கிறது. பரவலாகப் பின்பற்றப்படும் அளவு 1:12. அதாவது, 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு 180 செ.மீ. நீளம் வேண்டும். இடமில்லை என்று அரை மீட்டரில் முடித்தால் சக்கர நாற்காலி பின்பக்கமாகக் கவிழும் ஆபத்து உண்டு.

சரி, சக்கர நாற்காலியில் வந்தவர் எப்படியோ உள்ளே வந்துவிட்டார் என்றே வையுங்கள். கழிப்பறைக் கதவு குறுகலாக இருக்கும். அல்லது அவருக்கென்று கட்டிய கழிப்பறையிலேயே துடைப்பமும் அட்டைப்பெட்டிகளும் அடுக்கியிருக்கும். அவர் அந்த நிறுவனத்தில் வேலை பார்ப்பவராக இருந்தால், தண்ணீர் குடிக்கவே யோசித்துக்கொண்டு பொழுதை ஓட்டுவார். வாடிக்கையாளராக இருந்தால் புகார்கூட எழுத மாட்டார். மறுபடி வர மாட்டார், அவ்வளவுதான்.

இணையதளத்திலும் இப்படித்தான் நடக்கிறது. பார்வையற்ற ஒருவர், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானில் கேட்டுக் கேட்டுப் படிவம் முழுவதையும் நிரப்பியிருப்பார். கடைசியில் பணம் கட்டும் பொத்தானுக்குப் பெயரே கொடுத்திருக்க மாட்டார்கள். வெறும் 'பட்டன்' என்று மட்டும் கேட்கும். தவறாக நிரப்பிய கட்டத்தைச் சிவப்பால் மட்டும் காட்டுவதும், வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து வைப்பதும் இதே வகைதான். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும் என்கின்றன இணைய அணுகல் வழிகாட்டு நெறிகள். ஒரு வரி நிரலைச் சேர்த்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று விற்கப்படும் கருவிகளை நம்பி இருந்துவிடாதீர்கள். மவுஸைத் தொடாமல், விசைப்பலகையை மட்டும் வைத்து உங்கள் தளத்தில் ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். நீங்கள் மாட்டிக்கொள்ளும் இடத்தில்தான் அவர்களும் திரும்பிப் போகிறார்கள்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது, மேசை வேலைக்கும் ஓட்டுநர் உரிமம் கேட்கிறார்கள். தேவையில்லாத ஒரு நிபந்தனை, தகுதியான ஒருவரை விண்ணப்பிக்கும் முன்பே விலக்கிவிடுகிறது.

எனக்கு மிகவும் வலிப்பது பேச்சில் நடக்கும் தவறு. காது கேளாத ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க, சைகைமொழிபெயர்ப்பாளரைப் பார்த்து "இவருக்கு என்ன வேண்டுமாம்?" என்று கேட்கிறார்கள். காது கேளாதவரின் முகத்தையே பார்த்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். சக்கர நாற்காலியைத் தள்ளும் முன்பும் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.