வாசித்துக்கொண்டே எழுதும் லூப்பில் கொமிட் எங்கே வரவேண்டும்?

யாழ்ப்பாணத்துச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கமொன்றின் அங்கத்தவர் சேமிப்புகளுக்கு ஆண்டு வட்டி பதியும் பைதன் செய்நிரலொன்றை எடுத்துக்கொள்வோம். இருக்கும் மீதிக்கு எல்லோருக்கும் ஒரே வீதமென்றால் லூப்பே வேண்டாம். ஒற்றை அப்டேட் கட்டளை போதும். ஒவ்வொரு கணக்கின் மாதாந்த மீதிகளையும் பைதனில் கணக்கிட வேண்டியிருந்தால்தான், வாசிப்புக்கு நடுவில் எங்கே கொமிட் செய்வது, அதாவது மாற்றங்களை நிரந்தரமாக்குவது, என்ற கேள்வி எழுகிறது.

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தைச் சைகோபிஜி2 என்ற பைதன் நூலகம் வழியாக வாசிக்கையில், சாதாரண கேர்சர் (விடையை வாசிக்கப் பயன்படும் பொருள்) முழு விடையையும் முதலிலேயே நினைவகத்துக்குக் கொண்டுவந்துவிடும்; ஆகவே நடுவில் கொமிட் செய்தாலும் வாசிப்பு குலையாது. பெயரிட்ட கேர்சர் அப்படியன்று. அது சேர்வரில், தன்னைத் திறந்த ட்ரான்ஸாக்ஷனுக்குள் (முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாகக் கைவிடப்படும் கட்டளைத் தொகுப்புக்குள்) மட்டுமே உயிரோடிருப்பதால், முதல் கொமிட்டுடன் மூடப்பட்டு, அடுத்த தொகுதியைக் கேட்கும்போது பிழை தரும். வித்ஹோல்ட் தெரிவு அதைக் காப்பாற்றும். ஆனால் விடையைச் சேர்வர் பிரதியெடுத்து வைக்க நேரும்.

எனவே தொகுதி தொகுதியாக வாசிப்பதே நல்லது. கடைசியாகக் கண்ட கணக்கிலக்கத்தைவிடப் பெரிய, இவ்வாண்டு வட்டி பதியப்படாத 500 கணக்குகளை இலக்க வரிசையில், வேறெவரும் இடையில் மாற்றாதபடி ஃபோர் அப்டேட் பூட்டுடன் எடுத்து, ஃபெட்ச்ஓல் மூலம் பட்டியலாக்கி, வட்டியைப் பதிந்தபின் ஒரே தடவை கொமிட் செய்து அடுத்த தொகுதிக்குச் செல்லுங்கள். வட்டி பதிந்த ஆண்டுக்கான புலத்தை, மீதியை மாற்றும் அதே அப்டேட்டிலேயே நிரப்புவது கட்டாயம்: இடையில் மின்சாரம் நின்றாலும், மீள ஓட்டும்போது எவருக்கும் இரட்டை வட்டி ஏறாது. அந்தப் புலம் இருக்கையில் இலக்க நிபந்தனை எதற்கென்று தோன்றலாம். அது இல்லாவிட்டால், பிழையால் விடுபட்ட பதிவுகளே ஒவ்வொரு தொகுதியிலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும்.

ஒரு கணக்கில் தரவுத்தளப் பிழை வந்தால் எக்செப்ட் பகுதியில் பிடித்துக்கொண்டு மேலே போவது போஸ்ட்கிரஸில் பலிக்காது. ரோல்பக் செய்யும்வரை, அதாவது மாற்றங்களைக் கைவிட்டுப் பின்வாங்கும்வரை, அடுத்துவரும் கட்டளைகள் அனைத்தையும் அது மறுத்துவிடும், முழு ரோல்பக் செய்தாலோ அந்தத் தொகுதியில் அதுவரை பதிந்த வட்டியெல்லாம் போய்விடும். ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் சேவ்பொயின்ட் ஒன்றை இட்டு, பிழை வந்தால் அதுவரை மட்டும் பின்வாங்குங்கள். சைகோபிஜி3 இல், ஒரு ட்ரான்ஸாக்ஷன் தொகுப்புக்குள் இன்னொன்றை வித் கூற்றால் திறந்தாலே சேவ்பொயின்ட் தானாக உருவாகும்.

எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் ஃபோர் அப்டேட் கிடையாது. அங்கே செலக்ட் முடியுமுன் அதே அட்டவணையை மாற்றினால், மாற்றிய பதிவு மறுபடி வருமா வராதா என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆகவே ஃபெட்ச்ஓல் செய்த பிறகே எழுதத் தொடங்குங்கள். எழுதுவதற்கென இரண்டாவது கனெக்ஷனைத் திறப்பதும் வேண்டாம். தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது என்ற பிழையில்தான் பெரும்பாலும் அது போய் முடியும்.